சாந்து காணாச் சுவர்கள்

2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நாம் ஸ்பெயின் தேசம் சென்று 11 நாள் தங்கி வந்தோம். தோட்டத்துக் கிராணிக்கு ஸ்பெயின் தேசத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நமது ஆபீஸிலும் அவ்வாறே கேட்டார்கள். நமது சித்தப்பாவின் மகன் வலென்சியா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறான். "அண்ணே, ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று மூன்றாண்டுகளாக அழைத்த வண்ணம் இருந்தான். நாமும் அம்மூன்றாண்டுகளும் சிறுகச் சிறுகச் சேர்த்து, விடுமுறை எழுதி வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். காரணம் இவ்வளவே.

நாம் சிறு வயதில் பட்டணத்தில் மாமன் வீட்டில் தங்கி ஆங்கிலத்திற் கல்வி பயின்றோம். ஆகையால் ஐரோப்பா என்ற மாத்திரத்தில் நம் மனக்கண்முன் எழுவன கோட்டைகளும், ஆலய கோபுரங்களும், குதிரைமீது வீற்றிருக்கும் அரசர் சிலைகளுமேயாம். பழமை என்பது உயரமாகவும், வாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கத் தக்கதாகவும் இருக்கும் என்ற எண்ணம் நமக்கு அப்படிப்பினால் வந்தது. தம்பியோ, "கோட்டை கிடக்கட்டும் அண்ணே, ஒரு கிராமத்துக்குப் போவோம்" என்று சொல்லி ஒரு சனிக்கிழமை விடியற்காலையிற் காரைக் கிளப்பினான்.

வலென்சியாவிலிருந்து கடலோரமாக வடக்கே காஸ்தெல்யோன் வரையில் கிச்சிலித் தோப்புக்கள். அப்பால் உள்நாட்டை நோக்கித் திரும்பினால் பாதை ஏறிக்கொண்டே போகிறது. தோப்புக்கள் மறைந்து வாதுமையும் ஒலிவமும் வருகின்றன. அவையும் மறைந்து சாம்பல் நிறத்துச் சுண்ணாம்புக்கல் மலைகள் வருகின்றன. மரம் அருகி, காற்றுப் பெருகி, நம் உடம்பு நடுங்கத் தொடங்கிற்று. பாதையின் இருமருங்கிலும் மார்பளவு உயரத்திற்குக் கல்லடுக்கிய வேலிகள் ஓடின. மலைச்சரிவுகளிலும் அவையே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டும், வளைந்தும், பிரிந்தும் கண்ணுக்கெட்டிய வரை சென்றன. நாம் அவற்றை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. ஊர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். தம்பி காரை ஓரமாக நிறுத்தி, "அண்ணே, இதைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றான்.

ஊரின் பெயர் லா இக்லெசுவேலா தெல் ஸித். அரகோன் பிரதேசத்துத் தெருவேல் மாகாணத்தில், மயெஸ்திராஸ்கோ என்னும் மலைநாட்டில், கடல் மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. இக்லெசுவேலா என்பதற்குச் சிறு தேவாலயம் என்று பொருள். ஸித் என்பான் 1099-இல் வலென்சியாவில் மாண்ட காஸ்தீலிய வீரன். பாட்டிலும் கதையிலும் புகழ் பெற்றவன். குடி சுமார் 400 பேர். நமது தோட்டத்தில் பிரட்டுக்கு நின்ற கூட்டம் ஒரு காலத்தில் இதைவிடப் பெரிது.

ஊருக்குள் பார்க்கத் தக்கன இல்லாமற் போகவில்லை. தெம்ப்லார் என்னும் போர்த்துறவிகளின் கோட்டையில் எஞ்சிய பழைய கோபுரம் ஒன்று ஊராட்சி மன்றத்தோடு ஒட்டி நிற்கிறது. அச்சபை 1312-இல் கலைக்கப்பட்ட பின்னர், இப்பகுதி புனித யோவான் சபையாரின் கைக்கு மாறிற்று. ஆட்டு மயிர் வாணிபத்தாற் செழித்த குடும்பங்கள் கட்டிய மாளிகைகள் சில உள. 14, 15-ஆம் நூற்றாண்டுகளிலேயே இத்தாலி தேசத்து வணிகர்கள் இம்மலைநாட்டு ஆட்டு மயிரை வாங்கிச் சென்றனர். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாத்துத்தானோ-தௌதேன் மாளிகை இக்காலத்தில் விடுதியாக மாறியிருக்கிறது. மாளிகைகளின் முகப்பில் அக்குடும்பங்களின் சின்னங்களைக் கல்லிற் பொறித்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே உள்ள கன்னிமரியின் சிறு கோயிற் சுவரில் உரோமர் காலத்துக் கல்வெட்டுக்கள் பதிந்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவனின் பெயரை இன்றைக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். இவற்றையெல்லாம் நாம் ஒரு மணி நேரத்திற் பார்த்து முடித்தோம்.

நிற்க, சுவர்களுக்கு வருவோம். ஸ்பானியர் இக்கட்டு வேலையைப் 'பியெத்ரா ஸேக்கா' என்பர். உலர்ந்த கல் என்பது அதன் சொற்பொருள். அதாவது சுண்ணாம்பும் மண்ணும் நீரும் சேராமல், சாந்து என்பதே காணாமல், கல்மேற் கல் வைத்துக் கட்டுவது. ஏன் இவ்வளவு சுவர் என்று கேட்டோம். அந்நிலத்தில் ஏர் பூட்டினால் மண்ணைவிடக் கல்தான் அதிகமாகக் கிளம்பும். கல்லைப் பொறுக்கி அகற்றாமல் ஒரு பிடி கோதுமை விதைக்க முடியாது. அகற்றிய கல்லை எங்கேயாவது போட்டுத்தானே ஆகவேண்டும்! வயலின் ஓரத்தில் அடுக்கினார்கள். அடுக்கியது வேலியாயிற்று, ஆடு மாடு பயிரில் நுழையாமல் தடுத்தது, சரிவில் மண் வழியாமல் தாங்கிற்று. இரண்டு சுவர்களுக்கு நடுவே மந்தை செல்லும் பாதை அமைந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் குடிகள் பெருகி, நல்ல நிலம் போதாமல், ஏழைகள் மேட்டையும் பாறையையும் உழப் புகுந்தபோது இச்சுவர்களும் பெருகின. கொத்தன் கூலி கொடுக்க அவர்களிடம் பணமில்லை. சுண்ணாம்பு சுட விறகுமில்லை. கல் மட்டும் வேண்டிய அளவு இருந்தது.

மறுநாட் காலையில் தம்பிக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் சரிந்துபோன சுவரொன்றைச் சீர்செய்யப் போவதாகத் தெரிந்து நாமும் உடன் சென்றோம். வயது 76 என்றார். நமது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். "பேனா பிடிக்கிற கைன்னு சொல்றாரு அண்ணே" என்று தம்பி மொழிபெயர்த்தான். உண்மைதானே! நாம் மறுக்கவில்லை.

அவர் வேலை செய்ததை நாம் கூடியவரை விளக்கமாக எழுதுகிறோம். ஏனெனில் பார்க்கும்போது அது வேலையாகவே தோன்றவில்லை. முதலில் மேல்மண்ணை வழித்து, அசையாத தரை தட்டும்வரை தோண்டினார். அடியிற் பெருங்கற்களை இரண்டு வரிசையாக எதிரெதிர் வைத்தார். ஒவ்வொரு கல்லின் நீளமும் சுவரின் உட்பக்கமாகச் செல்ல, அதன் தலைமாத்திரம் வெளியே தெரிந்தது. அழகான நீண்ட முகத்தை வெளியே காட்டி வைத்தால் சுவர் சீக்கிரத்தில் வயிறு தள்ளிவிடுமாம். இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தைச் சில்லுக் கற்களால் நிரப்பினார். கொட்டி நிரப்பவில்லை, ஒவ்வொன்றாகக் கையினாற் செருகினார். மேல் வரிசைக் கல் கீழே இரண்டு கற்கள் சேருமிடத்தை மூடவேண்டும். இடையிடையே சுவரின் இப்புறத்திலிருந்து அப்புறம் வரை எட்டும் நீண்ட கல்லொன்றை வைத்து இரு முகங்களையும் பிணைத்தார். சுவர் மேலே செல்லச் செல்ல இருபுறமும் சிறிது உள்நோக்கிச் சாய்ந்து ஒடுங்கிற்று. உச்சியில் தட்டைக் கற்களைப் படுக்க வைக்காமல், அலமாரியில் புத்தகங்களை நிறுத்துவதுபோலச் செங்குத்தாக நெருக்கி நிறுத்தினார். அவற்றின் பாரம் கீழுள்ளவற்றை அழுத்திப் பிடிக்கும். ஆடும் அதன்மேல் ஏறத் துணியாது.

சாந்து இல்லாதது ஏழைமையால் நேர்ந்தது என்று முதலில் எண்ணினோம். ஏழைமையால் நேர்ந்ததுதான், ஆயினும் அதிலொரு நன்மை இருக்கிறது. மழைநீர் சுவருக்குப் பின்னே தேங்காமல் கல்லிடுக்குகளின் வழியே வழிந்து போய்விடும். பனிக்காலத்தில் நிலம் உறைந்து வீங்கும்போது சாந்திட்ட சுவராயின் வெடிக்கும். இதுவோ சற்றே அசைந்து மீண்டும் உட்கார்ந்துகொள்ளும். எங்கேனும் சரிந்தால் சரிந்த கல்லையே எடுத்துத் திரும்பக் கட்டலாம். புதிதாக ஒன்றும் வாங்கவேண்டியதில்லை. இடுக்குகளிற் பல்லியும் பூச்சியும் சிறு செடிகளும் குடியிருக்கின்றன.

நமக்கும் ஒரு கல்லைக் கொடுத்து வைக்கச் சொன்னார். நாம் ஒரு கல்லை எடுத்து, பொருந்தாமையால் கீழே போட்டு, வேறொன்றை எடுத்தோம். அவர் தலையை அசைத்தார். எடுத்த கல்லைக் கீழே போடாதே, அதற்கு இடத்தைத் தேடு என்றார். கல்லை முன்னிருத்தி இடம் தேடுவதும், இடத்தை முன்னிருத்திக் கல் தேடுவதும் வெவ்வேறு வேலை என்பதை நாம் அப்போதுதான் கண்டோம். ஒரு மணி நேரத்தில் நாம் வைத்தவை 9 கற்கள். அவற்றுள் 4 கற்களை அவர், நம் மனம் நோகாதபடி, நாம் தண்ணீர் குடிக்கும் சமயம் பார்த்து மாற்றி வைத்துவிட்டார்.

நடுப்பகலில் தூறல் விழுந்தது. வயல் மூலையிலிருந்த சிறு கற்குடிலுக்குள் மூவரும் புகுந்தோம். இத்தகைய குடில்கள் அம்மலைநாடெங்கும் உள. உழவனும் இடையனும் மழைக்கும் பனிக்கும் ஒதுங்கக் கட்டிக்கொண்டவை. மரமில்லை, ஆணியில்லை, சாந்துமில்லை. சுவர் ஆளுயரம் வந்ததும் ஒவ்வொரு வட்டத்தையும் முந்திய வட்டத்தைவிடச் சிறிது உள்ளே நீட்டி நீட்டி அடுக்கிக்கொண்டே போய், உச்சியில் எஞ்சும் துவாரத்தை ஒரு பலகைக் கல்லால் மூடிவிடுகிறார்கள். மேலே சில்லுக்கல்லும் மண்ணும் பரப்புவதுண்டு. வாயில் தெற்கு நோக்கியது. வாடைக்காற்று உள்ளே வராது. அண்ணாந்து பார்த்தோம். கற்கள் வளையம் வளையமாகச் சுருங்கிக்கொண்டே சென்று உச்சியில் இருளாய் முடிந்தன. ஒரு சொட்டு நீரும் ஒழுகவில்லை. யார் கட்டியது என்று கேட்டோம். தெரியாது, தம் பாட்டனார் காலத்திலேயே இருந்தது என்றார்.

அப்போது அவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரிற் கற்சுவர் யார் கட்டுவார்கள் என்றார். நாம் சிறிதும் யோசியாமல், எங்கள் நாட்டில் அவ்வழக்கம் இல்லை, எங்கள் மண் செம்மண், மரம்தான் அதிகம் என்று விடை சொன்னோம். தம்பி அதை மொழிபெயர்த்தான்; ஆனால் நம் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும்.

நமது பாட்டனார் 1937-இல், 10 வயதுச் சிறுவராய், தம் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறிப் பகாங்குக்கு வந்தவர். 1971-ஆம் ஆண்டு ஜனவரியில் மாநிலமே வெள்ளக்காடாயிற்றல்லவா, அம்மழையில் லயத்துக்குப் பின்னிருந்த மேட்டின் மண் இளகி வீடுகளின்மேற் சரியத் தொடங்கிற்று. சிமெண்டு வர நாளாகும் என்றார்கள். பாட்டனாரும் வேறு மூவரும் ஆற்றங்கரையிலிருந்தும் மேட்டுக்காட்டிலிருந்தும் கல் சுமந்து வந்து, வேலை முடிந்த மாலை நேரங்களில் ஒரு சுவர் எழுப்பினார்கள். சாந்து கிடையாது. நமது பிள்ளைப் பருவம் முழுவதும் அச்சுவரின் மேலேதான் கழிந்தது. அதிலிருந்து விழுந்து நமது இடது முழங்காலில் உண்டான தழும்பு இன்னுமிருக்கிறது.

2019-இல் கித்தா மரங்களை வீழ்த்திச் செம்பனை நடுவதற்காக அப்பகுதி திருத்தப்பட்டது. லயம் அதற்கு முன்னமே காலியாகிவிட்டது. மேட்டைச் சமப்படுத்த மண்வாரி இயந்திரம் வரவழைக்கப்பட்டது. அதற்குரிய வவுச்சரை எழுதியது நாமே. 'பழைய கற்கள் அகற்றல், 2 நாள்' என்று ஆங்கிலத்தில் தெளிவான கையெழுத்தில் எழுதி, தொகையைக் கூட்டி, கையொப்பத்திற்கு அனுப்பினோம். அன்று நமக்கு வேறு பல வவுச்சர்களும் இருந்தன. எழுதும்போது அது பாட்டனாரின் சுவர் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்திருந்தும் ஒன்றும் தோன்றவில்லை. அதனைச் சுவர் என்றுகூட எழுதவில்லை; கற்கள் என்றே எழுதினோம். இக்லெசுவேலாவின் குடிலில் உட்கார்ந்து, எங்கள் நாட்டில் அவ்வழக்கம் இல்லை என்று சொன்னவரும் அதே கிராணிதான்.

அன்றிரவு குளிராலும் பிறவற்றாலும் நமக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஊர்களின் கதையிலும் துயரம் உண்டு. தெருவேல் மாகாணத்தின் பரப்பு சுமார் 14,800 சதுரக் கிலோமீட்டர். குடிகள் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. சதுரக் கிலோமீட்டருக்கு 9 பேர் என்ற கணக்கு. பஞ்சத்தாலும், பட்டணத்து ஆலைகளின் இழுப்பாலும் போனவர்கள் பலர். விரட்டப்பட்டவர்களும் உண்டு. உள்நாட்டுப் போரில் 1939-இல் வென்ற பிராங்கோவின் ஆட்சியை எதிர்த்துக் கொரில்லாக்கள் இம்மலைகளில் மறைந்து போரிட்டனர். 1947-இல் தெருவேலின் ஆளுநராய் வந்த தளபதி மனுவேல் பிஸாரோ, கொரில்லாக்களுக்கு உணவு கிடைக்காதபடி, மலையில் தனித்தனியே இருந்த பண்ணை வீடுகளிலிருந்து குடிகளை வெளியேற்றினார். வீட்டைப் பூட்டிச் சாவியைக் காவற்படையிடம் கொடுத்துவிட்டு மக்கள் இறங்கிப் போனார்கள். இதனைத் தம்பி சொன்னபோது நமக்குப் பாட்டியின் ஞாபகம் வந்தது. 1948-இல் நம் நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்த பின்னர், மாலையானதும் முள்வேலிக் கதவைச் சாத்திவிடுவார்களாம். காட்டு வேலைக்குச் செல்லும்போது சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக விடமாட்டார்களாம். இரண்டு மலைகளிலும் ஒரே யுக்தி!

ஆயினும் அங்குள்ளவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. 'தெருவேலும் இருக்கிறது' என்ற பெயரோடு 1999-இல் ஓர் இயக்கம் தோன்றிற்று. இரயிலும் வைத்தியமும் பாதையும் கேட்டுப் போராடி, 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் பெற்றது. பெயரைக் கவனியுங்கள். தாம் இருப்பதையே ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டிய நிலைமை. இக்லெசுவேலாவின் சாந்தில்லாக் கட்டு வேலைகளையும் அரகோன் அரசாங்கம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாதுகாக்கத் தக்க பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. மாளிகைக்கும் கோபுரத்துக்கும் கொடுக்கும் மதிப்பை ஆட்டுவேலிக்கும் கொடுத்தார்கள். சுவர் கட்டியவர் பெயர் ஒன்றும் அந்த அறிவிப்பில் இருக்க வழியில்லை. கல்லிற் பெயர் வெட்டிவைக்க அவர்களிடம் ஏது உளி!

2018-ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம், ஸ்பெயின், பிரான்சு, இத்தாலி, கிரேக்கம், சைப்ரஸ், குரோவேஷியா, ஸ்லொவேனியா, சுவிட்சர்லாந்து ஆகிய 8 நாடுகளின் வேண்டுகோளை ஏற்று, சாந்தில்லாக் கல்கட்டும் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டுப் பட்டியலிற் சேர்த்தது. சேர்க்கப்பட்டது சுவரன்று, அதைக் கட்டும் அறிவு. நாம் ஊர் திரும்பிய பின், அவ்வாண்டு டிசம்பரில், அயர்லாந்து முதலான 5 நாடுகள் அதில் இணைந்து 13 ஆயின. 2018-இல் அந்தத் தீர்மானம் நிறைவேறிய கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயிஸ் நகரத்தில்! 1834 முதற்கொண்டு நம்மவர் உள்ளிட்ட இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட துறைமுகம் அது. அவர்கள் ஏறி வந்த படித்துறை 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அத்தீவின் கரும்பு வயல்களிலே கருங்கற் குவியல்கள் பல இன்றும் நிற்கின்றன. முதலில் அடிமைகளும், பின்னர் ஒப்பந்தக் கூலிகளும் நிலத்திலிருந்து பெயர்த்துச் சுமந்து அடுக்கியவை அவை. கூட்டத்துக்கு வந்தோர் ஜன்னல் வழியே அவற்றைப் பார்த்தார்களோ இல்லையோ!

ஊருக்குத் திரும்பியதும் ஆபீஸ் ஸ்டோரில் பழைய வேலைப் புத்தகங்களைத் தேடினோம். கரையான் தின்றவை போக 1971-ஆம் ஆண்டின் ஏடு ஒன்று கிடைத்தது. பிப்ரவரி மாதத்தில் ஓரிடத்தில், 'லயத்துக் கல்வேலை, 4 ஆள், அரைப்பேர்' என்றிருந்தது. நம்மைப்போல் ஒரு கிராணி தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தார். நால்வரின் பெயர் இல்லை.

அந்நால்வரில் ஒருவர் இன்னும் இருக்கிறார். வயது 81. பட்டணத்தில் மலிவுவிலை அடுக்குமாடியில் நான்காம் மாடியில் மகள் வீட்டில் வசிக்கிறார். தேடிச் சென்று விசாரித்தோம். மற்ற மூவரின் பெயரையும், யார் எந்த மூலையைக் கட்டினார் என்பதையும், யாருடைய கால்மேற் கல் விழுந்தது என்பதையும் தடுமாறாமற் சொன்னார். எழுதிக்கொண்டோம். அக்குடும்பத்தாரைக் கேளாமல் அப்பெயர்களை இங்கே அச்சிட நமக்கு உரிமையில்லை.

இயந்திரம் தள்ளிய கற்கள் பள்ளத்தின் ஓரத்திற் செம்பனை ஓலைகளுக்கு அடியில் அப்படியே கிடந்தன. ஆபீஸுக்குப் பின்னே மண் சரியும் கரையொன்று உண்டு. அங்கே அவற்றைக்கொண்டு ஒரு சிறு சுவர் கட்டிக்கொள்ள மானேஜரிடம் அனுமதி கேட்டோம். செலவு எவ்வளவு என்றார். செலவில்லை என்றதும் தலையை ஆட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரைக் காரில் அழைத்து வந்து, கரையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நாம் ஸ்பெயினிற் கற்ற வித்தையை மனத்திற்கொண்டு, எடுத்த கல்லைக் கீழே போடாமற் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடினோம். பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னா தம்பி, புள்ளைய தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? கீழ போடுங்க. அது எந்தப் பக்கமா உக்காருதோ, அதான் அதுக்கு அடி. உங்க தாத்தா அப்படித்தான் பாப்பாரு."

கீழே போட்டோம். கல் ஒருமுறை புரண்டு உட்கார்ந்தது. அவர் கைத்தடியால் இடத்தைக் காட்டினார். பகலுக்குள் மூன்று வரிசை வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு மூலை சரிந்து, பிரித்து மீண்டும் அடுக்கவேண்டியதாயிற்று. இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பெரியவர் எழுந்திருக்க மறுத்து, குடையைப் பிடித்துக்கொண்டு, கற்களின் நடுவே தண்ணீர் எவ்விடத்தில் வழிந்து வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.